கோயில் வேலையை ஏற்கலாமா, முகூர்த்தங்களோடே இருக்கலாமா? வாசிக்கிறவர்கள் சொல்லுங்கள்

வேலந்தாவளம் நாயனம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே நாயனம், தவில் வாசிக்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

எனக்கு 29 வயது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் இருந்து கேரளப் பக்கம் மூன்று கிலோமீட்டர் உள்ளே வீடு. பேசுவது தமிழ், ரேஷன் கார்டு மலையாளம். பழனி கோயில் நடத்தும் தவில், நாதஸ்வரப் பள்ளியில் படித்துவிட்டு வந்து பத்து வருடமாக வாசிக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், ஊர்த் திருவிழா, எல்லாம்தான். செட்டில் நாலு பேர். நானும் சித்தப்பா மகனும் நாயனம், தவில் இரண்டு. ஒத்துக்கு, அதாவது கூடவே ஒலிக்கும் ஆதார சுருதிக்கு, சுருதிப்பெட்டி.

இப்போது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒரு கோயிலில் என்னைக் கூப்பிடுகிறார்கள். டிரஸ்ட் கோயில், பெயர் வேண்டாம். மாதம் 16,500 ரூபாய், பி.எஃப். உண்டு. காலை நாலரைக்குப் பள்ளியுணர்த்தலில் (சாமியைத் துயில் எழுப்புவது) தொடங்கி எட்டு மணி வரை, சாயங்காலம் ஐந்தரையில் இருந்து நடை சாத்தும் வரை. நடுவில் இரண்டு மணி நேரம் வாட்ச்மேன் வேலையும் சேர்த்திருக்கிறார்கள்.

போன வருடம் எனக்கு 68 தேதி கிடைத்தது. ஒரு தேதிக்கு என் பங்கு சராசரி 4,500. பஸ், கார் வாடகை, சீவாளி (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் நாணல்), வேட்டி சட்டை எல்லாம் கழித்தால் மாதம் 21,000 நிற்கும். ஆனால் அது மாதாமாதம் வருவதில்லை. ஆடியில் ஒன்றும் இல்லை. புரட்டாசியிலும் மார்கழியிலும் அங்கொன்று இங்கொன்று. தையும் வைகாசியும்தான் வீட்டை நடத்துகின்றன. இரண்டு வயதில் பெண் குழந்தை இருக்கிறாள்.

முன்பு மாப்பிள்ளை அழைப்பு எங்களுடையது. இப்போது எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழைப்புக்குச் செண்டை மேளம் வைத்துவிடுகிறார்கள். தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் ஒரு நாயனம் ஒரு தவில் போதும் என்கிறார்கள்.

பணக் கணக்கை நானே போட்டுக்கொள்வேன். எனக்குப் பயம் வேறு. தினமும் ஒரே கோயில், ஒரே நேரம், கேட்க ஆள் இல்லாத பிராகாரம். இப்படிப் பத்து வருடம் வாசித்தால் என் வாசிப்பு வளருமா, தேயுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொல்லங்கோடு பழைய சீவேலி எழுதியது:

தம்பி, 26 வருடம் ஒரே கோயிலில் வாசித்தவன் நான். இப்போது 61. உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதுதான் சரியான கேள்வி.

வளரும். ஆனால் அதுவாக வளராது.

நான் சேர்ந்த முதல் வருடம் தேய்ந்துதான் போனேன். பூபாளம், பௌளி, மலயமாருதம் என்று காலையில் மூன்றையும் சுற்றிச் சுற்றி வாசிப்பேன். சாயங்காலம் ஒரு கல்யாணி, ஒரு சங்கராபரணம். அத்தாழ பூஜைக்கு, அதாவது இரவுப் பூஜைக்கு, நீலாம்பரி. நேரம் ஆகிவிட்டதா என்று மணியைப் பார்த்துக்கொண்டே வாசித்த வருடம் அது. கேட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் உள்ளே அரித்தது.

இரண்டாம் வருடம் ஒன்று செய்தேன். கார்த்திகை முதல் தேதி மண்டலக் காலம் தொடங்கும் அல்லவா, அன்றிலிருந்து 41 நாளும் சாயங்காலம் தீபாராதனைக்குப் பிறகு ஒரே ராகம்தான் என்று வைத்துக்கொண்டேன். சிம்மேந்திரமத்திமம். முதல் வாரம் எனக்குப் பாடமான கீர்த்தனைகளின் சங்கதிகளையே எடுத்து ஆலாபனையில் தைத்து ஓட்டினேன். பத்தாம் நாள் கையிருப்பு தீர்ந்தது. அதற்கப்புறம் என்ன செய்வது? அந்த ராகத்தின் பிரதிமத்திமத்தில், பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழே உள்ள சுரத்தில், போய் நின்றேன். சீவாளியை உதட்டால் ஒரு நூல் இறுக்கினால் சுரம் பஞ்சமத்தைத் தொடப் பார்க்கும், ஒரு நூல் தளர்த்தினால் அழுகிற மாதிரி இறங்கும். அந்த ஒரு நூலுக்குள் எத்தனை இடம் இருக்கிறது என்று அந்தக் குளிரில்தான் எனக்குத் தெரிந்தது. கல்யாண மண்டபத்தில் அப்படி ஒரு சுரத்தில் நின்றிருந்தால், "என்னங்க, நின்னுட்டீங்க" என்று கேட்க நாலு பேர் வந்திருப்பார்கள்.

கேட்க ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முப்பதாம் நாளோ என்னவோ, மாலை கட்டும் வாரஸ்யார் அம்மா துளசியை ஆய்ந்துகொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்: "நேத்து நிறுத்தின இடத்தில இருந்துதானே இன்னைக்கு எடுத்தே?" உண்மைதான். தினமும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு முன்பு நான் மணியைப் பார்த்து வாசித்த அந்த ஒரு வருடத்தையும் அவர் கேட்டிருப்பார் அல்லவா.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு ராகம். 24 மண்டலம். தோடியை மட்டும் மூன்று முறை எடுத்தேன், மூன்று முறையும் முடியவில்லை.

தினமும் ஊதுவதில் இன்னொரு லாபம், உதட்டில் கட்டு விடாது. ஆடி முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் போனால் இரண்டு மணி நேரத்தில் உதடு வீங்குகிறதா இல்லையா? கோயில்காரனுக்கு அது கிடையாது.

சரி, இப்போது நஷ்டத்தைச் சொல்கிறேன். என்னோடு படித்தவர்கள் மலேசியா, சிங்கப்பூர் கோயில்களுக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். எனக்கு இரண்டு முறை வாய்ப்பு வந்தது, லீவு கிடைக்கவில்லை. முகூர்த்தம் வருவதும் காலை பூஜை வருவதும் ஒரே நேரம். கல்யாணச் சீசனில் வெளியே ஒரு தேதிகூட வாசிக்க முடியாமல் ஆறு வருடம் ஓடியது. வெளியில் என் பெயரையே மறந்துவிட்டார்கள். சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்கே வேறு செட் வாசித்தது. நான் தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தேன். அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஏழாம் வருடம் செண்டை அடிக்கும் மாரார் ஒருவர்தான் கண்ணைத் திறந்துவிட்டார். அவர்கள் கோயில் தினசரி வாசிப்பை அடியந்திரம் என்பார்கள். அடியந்திரம் அவர் குடும்பத்தின் பொறுப்பு. அதற்காக அவரே தினமும் நிற்க வேண்டும் என்று இல்லை, தம்பியையோ மருமகனையோ பகரம் (தனக்குப் பதிலாக) நிறுத்திவிட்டு அவர் பெரிய பூரங்களுக்குப் போய்விடுவார். நான் கமிட்டியில் போய் அதையே கேட்டேன். மாதம் நாலு நாள் பகரம் ஆள் வைக்கலாம், அவருக்குக் கூலி என் கையில் இருந்து, என்று எழுதி வாங்கினேன். அந்த நாலு நாள் கிடைத்த பிறகுதான் குடும்பமும் நின்றது, என் வாசிப்பும் வெளியே தெரிந்தது.

அதனால் சம்பளத்தை இன்னும் ஐந்நூறு ஏற்றிக் கேட்காதே. பகரத்தைக் கேள். உன் சித்தப்பா மகன்தான் கையில் இருக்கிறானே, அவனையே எழுது. வாய்ப்பேச்சில் விடாதே. தேவஸ்வம் போர்டு கோயில் என்றால் ரிக்ரூட்மெண்ட் போர்டு வழியாகப் போகிறது, பரீட்சை, தரவரிசை என்று ஒரு முறை இருக்கிறது. டிரஸ்ட் கோயிலில் தலைவர் மாறினால் பேச்சும் மாறும். சித்தூர்ப் பக்கம் பெரும்பாலும் பழைய கொச்சி ராஜ்ஜியம், கோயிலுக்குக் கோயில் வழக்கு வேறு.

வாட்ச்மேன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த இரண்டு மணி நேரம் கோயில் பூட்டித்தான் இருக்கும். ஊட்டுப்புரையில் (கோயில் சாப்பாட்டுக் கூடம்) உட்கார்ந்து சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி, செய்யலாமா என்று கேள். செய்யலாம் என்றால் அதைப் பாரமாக நினைக்க வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை கீபோர்டு எழுதியது:

பெரியவர் எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. நான் கானமேளாக்காரன் (மேடைப் பாட்டுக் கச்சேரி), 38 வயது, நாயனம் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2020 பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு வருமானமே மீனமும் மேடமும்தான், அதாவது பங்குனியும் சித்திரையும். நெம்மாறை வல்லங்கி வேலா திருவிழாவை ஒட்டி ஊருக்கு ஊர் மேடை. அந்த வருடம் மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டார்கள். 19 மேடைக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். அந்தப் பணத்தில் புது ஆம்ப் வாங்கியாகிவிட்டது. வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் எல்லாச் செக்போஸ்ட்டும் அடைப்பு. பொள்ளாச்சியில் இருந்த என் டிரம்ஸ்காரனை மூன்று மாதம் பார்க்கக்கூட முடியவில்லை. முதலமடை மாந்தோப்பில் பெட்டி அடுக்கினேன். ஒரு கீபோர்டை விற்றுத்தான் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அதே சமயம் என் தெருவில் ஒரு கோயில் தகில்காரர் (இங்கே மலையாளத்தில் தவிலைத் தகில் என்றுதானே சொல்வார்கள்) பக்தர் யாருமே இல்லாத கோயிலில் தினமும் போய் வாசித்துவிட்டு வந்தார். குறைத்துத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் மாதாமாதம் சம்பளம் வந்தது. குழந்தை இருக்கிறது என்கிறீர்கள். நான் என்றால் சேர்ந்துவிடுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை நான் யாரிடமும் சொன்னது இல்லை. நான் தொடங்கிய காலத்தில் எங்கள் மேடையில் 12 பேர். வயலின் இரண்டு, புல்லாங்குழல், தபேலா எல்லாம் ஆட்கள். இப்போது ஐந்து பேர். மீதி எல்லாம் என் கீபோர்டும் லேப்டாப் டிராக்கும். புல்லாங்குழல் வாசித்த அண்ணன் இப்போது எரிமயூரில் பெயிண்ட் கடையில் இருக்கிறார். அவர் வாசித்த இடங்களை நான் விரலால் அழுத்துகிறேன். அவரைக் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன், மேடையைப் பற்றி இரண்டு பேரும் பேச மாட்டோம். உங்கள் நாயனத்தை எந்தக் கீபோர்டாலும் அப்படி எடுத்துவிட முடியவில்லை, தம்பி. அந்தச் சத்தத்தை நானே போட்டுப் பார்த்திருக்கிறேன். கமகம் நிற்கவே இல்லை.

யூடியூப் போட்டால் என்ன என்று யாராவது சொல்வார்கள். நீள வீடியோ என்றால் 1,000 சந்தாதாரரும் வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ந்தால்தான் விளம்பரக் காசு முழுசாகத் திறக்கும். சினிமாப் பாட்டை வாசித்துப் போட்டால் ஆடியோ கம்பெனி உரிமை கேட்கும், காசு அவர்களுக்குப் போகும். ஆலாபனை, மல்லாரி என்று உங்களுடையதைப் போட்டால் அந்தத் தொல்லை குறைவு. காசுக்காக இல்லை, புக்கிங்குக்காகப் போடுங்கள்.

நாட்டுக்கல் அக்கா எழுதியது:

தம்பி, நான் நாயனம், வீட்டுக்காரர் தவில். 17 வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறோம். கோயில் வேலைக்கு என்னை யாரும் கூப்பிட்டது இல்லை, இனியும் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. மாதத்தில் சில நாள் கோயிலுக்குள் போக முடியாதவளை நித்திய பூஜைக்கு வைப்பது எப்படி என்று நேராகவே கேட்டார்கள். எங்களுக்கு இருப்பது முகூர்த்தம் ஒன்றுதான். அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தை நான் சொல்கிறேன்.

முகூர்த்தத்தில் குறைந்த பங்குக்கு வாசிக்க வைப்பது செண்டைக்காரர்கள் இல்லை, தம்பி. அவர்களும் 20 பேர் வெயிலில் நின்று அடித்துவிட்டுப் பங்கு பிரிக்கிறவர்கள்தான். நடுவில் மண்டபத்துப் பேக்கேஜ்காரர் இருக்கிறார். பூ, பந்தி, போட்டோ, மேளம் எல்லாம் ஒரே தொகை. பெண் வீட்டார் மேளத்துக்கு என்று கொடுத்தது எவ்வளவு, என் கைக்கு வந்தது எவ்வளவு என்று ஒருமுறை தற்செயலாகத் தெரிந்துவிட்டது. பாதிகூட வரவில்லை. அன்றிலிருந்து பேக்கேஜ் வழியாக வரும் தேதியை எடுப்பது இல்லை. முதல் வருடம் 20 தேதி குறைந்தது. மூன்றாம் வருடம் திரும்பி வந்தது, வீட்டுக்காரர்களே நேராகக் கூப்பிடுகிறார்கள்.

அப்புறம், நம் எல்லை நாட்காட்டியை நீ பாதிதான் எண்ணியிருக்கிறாய். ஆடியும் கர்க்கடகமும் ஒன்றுதான், இரண்டு பக்கமும் இருட்டு. ஆனால் தமிழ்ப் பக்கம் மார்கழி பிறந்து கல்யாணம் நின்றாலும் கேரளக் கோயில்களில் மண்டலக் காலம் முடியும் வரை தீபாராதனைக்கு நாயனம் தேடுவார்கள். சிங்ஙம் (நம் ஆவணி) பிறந்ததும் மலையாளக் கல்யாணம் வரிசை கட்டும். அவர்களுக்குத் தாலி கட்டு அரை மணியில் முடியும், எட்டரைக்கு ஒன்று பதினொன்றுக்கு ஒன்று என்று இரண்டு வாசிக்கலாம். மலையாள நோட்டீஸ் அடித்து சித்தூர், ஆலத்தூர் மண்டபங்களில் கொடுத்திருக்கிறாயா?

இதையும் கேள். என் தங்கை மகள் கோயம்புத்தூரில் காது பரிசோதனை படிக்கிறாள். போன தையில் எங்கள் பக்கத்தில் நின்று கருவி வைத்து அளந்தாள், 100 டெசிபலைத் தாண்டியது. 85 டெசிபல் என்றால் நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாமாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகுமாம். அந்தக் கணக்கில் 100-க்குக் கால் மணி நேரம்தான். நாம் மூன்று மணி நேரம் நிற்கிறோம். வீட்டுக்காரருக்கு வலந்தலைப் பக்கத்துக் காது, தவிலின் வலது முகம் இருக்கும் பக்கம், ஏற்கெனவே மந்தம். மழை பெய்தால் ஓட்டுச் சத்தம் அந்தக் காதில் கேட்கவில்லை என்றார், அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. இப்போது இரண்டு பேரும் ரப்பர் அடைப்பான் வைக்கிறோம். முதல் வாரம் சுருதியே பிடிபடவில்லை, பிறகு பழகிவிட்டது. கோயிலுக்குப் போனாலும் முகூர்த்தத்துக்குப் போனாலும் இதைச் செய்.

என் மகளுக்கு 13 வயது, நாயனம்தான் வேண்டும் என்கிறாள். காலீஷாபி மகபூப் அம்மாவும் அவர் கணவர் ஷேக் மகபூப் சுபானியும் 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ வாங்கிய படத்தைப் புத்தக அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறாள். அவள் பெரியவளாகும்போது கோயில் அவளைக் கூப்பிட வேண்டும். அதைக் கேட்க நான் இருப்பேன்.

வேலந்தாவளம் நாயனம் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. அக்கா, மலையாள நோட்டீஸ் நான் அடித்ததே இல்லை. இந்த வாரம் அடிக்கிறேன்.

பெரியவர் சொன்னபடி நேற்று கமிட்டி செயலாளரைப் பார்த்தேன். பகரம் என்றதும் முகம் சுருங்கியது. "இங்கே அப்படி வழக்கம் இல்லை" என்றார். மாரார்கள் செய்கிறார்களே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மாதம் இரண்டு நாள் என்றார். நாலு கேட்டேன். மூன்றில் வந்து நிற்கிறது. பகரம் வாசிக்கிறவன் யார் என்று முதலில் அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். அதனால் நாளை சாயங்காலம் நானும் சித்தப்பா மகனும் தீபாராதனைக்கு வாசிக்கிறோம். ஊட்டுப்புரையில் சாதகம் செய்யலாம், ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் என்று சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். அங்கே சுற்றம்பலம் (கருவறையைச் சுற்றி உள்ள கட்டடம்) சின்னது, மேலே ஓட்டுக் கூரை தாழ்வு. என் பாரி நாயனம் (நீளமானது, சுருதி தாழ்ந்தது) நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் செய்தது, இரண்டு கட்டை. உள்ளே வாசித்தால் எப்படிக் கேட்கும்? அவர்களிடம் பழைய திமிரி (குட்டையானது, சுருதி உயர்ந்தது) ஒன்று இருக்கிறது, அதையே வாசிக்கச் சொல்கிறார்கள்.

கொல்லங்கோடு பழைய சீவேலி எழுதியது:

மூன்று நாள் போதும், வாங்கிக்கொள். நாலாவது நாளை இரண்டு வருடம் கழித்துக் கேள்.

திமிரி வேண்டாம், தம்பி. அது திறந்த வெளிக்கு உள்ளது, தாழ்ந்த கூரையில் காதைக் குத்தும். அக்கா சொன்ன கணக்கையும் நினைத்துப் பார். பாரியையே எடுத்துப் போ. சோபானப் படிக்கு (கருவறைக்கு ஏறும் படி) நேராக நிற்காதே, வடக்குப் பக்கம் தள்ளி, அணைசு (நாயனத்தின் விரிந்த முனை) வாசலைப் பார்க்கும்படி நின்றால் நாதம் முற்றத்துக்குப் போய்விடும். புதுச் சீவாளி போடாதே. திருவாவடுதுறைச் சீவாளியில் ஒரு மாதமாவது ஊதிப் பழுத்தது இருக்கும் அல்லவா, அதைக் கொண்டு போ. சாயங்காலம் பனி இறங்கினால் கனக்கும், இடுப்பில் இன்னொன்று செருகி வைத்துக்கொள்.

சித்தப்பா மகனை முதலில் வாசிக்க விடு. அவர்கள் பார்க்க வேண்டியது அவனைத்தான்.